உங்கள் ஊர் எந்த அலமாரியில்?
வாசகர் கேள்வி, நூலகர் பதில்

உள்ளூர் வரலாறு தேடுவோருக்குப் பொது நூலகத்தில் என்ன கிடைக்கும் என்று கேட்டு வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில்.

அரவக்குறிச்சிப் பக்கம் எங்கள் கிராமம். அதன் வரலாற்றை எழுத ஆசை. நூலகத்தில் ஊர்ப் பெயரைச் சொன்னால், அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று கையை விரிக்கிறார்கள். எங்கே தொடங்குவது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், கரூர் மாவட்டம்

ஊர்ப் பெயரைச் சொல்லிக் கேட்டால் எந்த நூலகத்திலும் இதே பதில்தான் வரும். தனிப் புத்தகம் உள்ள ஊர்கள் கொஞ்சம். ஆனால் ஏதோ ஒரு புத்தகத்தில் இரண்டு வரியாவது இல்லாத ஊர் அபூர்வம். அந்த இரண்டு வரி எந்தப் புத்தகத்தில், எந்த மாவட்டத்தின் கீழ், என்ன எழுத்துக்கூட்டலில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் வேலை.

அதனால் நூலகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு தாள் எடுத்து ஊரின் ‘ஜாதகத்தை’ எழுதிக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் எந்த மாவட்டம், எந்தத் தாலுகா? ரயத்துவாரியா (உழவரே அரசுக்கு நேராக வரி கட்டியது), ஜமீனா, இனாமா (மானியமாக விட்டது)? வருவாய்க் கிராமத்தின் பெயர் என்ன? நாம் வாயால் சொல்லும் ஊர் ஒன்றாக இருக்கும்; கணக்கில் இருக்கும் கிராமம் வேறாக இருக்கும். உங்கள் ஊர் அதன் குக்கிராமமாக அடங்கிக் கிடக்கும். கிராம நிர்வாக அலுவலரிடம் கேட்டால் ஐந்து நிமிடத்தில் தெரிந்துவிடும் இந்த ஒரு விவரம் இல்லாமல் மாதக்கணக்கில் தேடுகிறவர்கள் உண்டு.

உங்கள் பகுதியில் இது இன்னும் முக்கியம். கரூர் தாலுகா 1910 வரை கோயம்புத்தூர் மாவட்டம், அதன்பின் திருச்சி, 1995-ல்தான் தனி மாவட்டம். ஆகவே 19-ஆம் நூற்றாண்டுச் செய்திக்கு நீங்கள் எடுக்க வேண்டியது எஃப்.ஏ. நிக்கல்சன் 1887-ல் தொகுத்த கோயம்புத்தூர் மாவட்டக் கையேடு. கரூர் என்ற பெயரில் தேடினால் அது கண்ணில் படாது. 1910-க்குப் பிந்தைய செய்திக்குத் திருச்சி மாவட்டப் புத்தகங்கள். மற்ற வாசகர்களும் இதை மனத்தில் கொள்ளலாம். இராமநாதபுரம் மாவட்டமே 1910-ல் மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களிலிருந்து பிரித்து உருவாக்கியதுதான். ஆகவே சாத்தூர், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் 1879-ல் வந்த திருநெல்வேலிக் கையேட்டைப் புரட்ட வேண்டும். கன்னியாகுமரி மாவட்டத்தாரும் செங்கோட்டையாரும் சென்னை மாகாணப் புத்தகங்களில் தேடிப் பயனில்லை. 1956 வரை அவர்கள் திருவிதாங்கூர் (1949 முதல் திருவிதாங்கூர்-கொச்சி), அவர்களுக்கு வி. நாகம் ஐயா எழுதிய 1906-ஆம் ஆண்டு ஸ்டேட் மேனுவல். புதுக்கோட்டை தனி சமஸ்தானம், அதற்குத் தனி மேனுவல், தனிக் கல்வெட்டுத் தொகுதி.

மாவட்டப் புத்தகங்களில் மூன்று தலைமுறை உண்டு. முதலாவது ‘மேனுவல்’ எனும் கையேடுகள்: நெல்சனின் மதுரை (1868), மூரின் திருச்சி (1878), லெ ஃபானுவின் சேலம், வெங்கசாமி ராவின் தஞ்சாவூர் (இரண்டும் 1883). இரண்டாவது 1906 முதல் வந்த கெஜட்டியர்கள் எனும் மாவட்ட விவரத் தொகுப்புகள்: மதுரைக்கும் தென்னாற்காட்டுக்கும் பிரான்சிஸ், தஞ்சைக்கும் திருச்சிக்கும் ஹெமிங்வே, திருநெல்வேலிக்குப் பேட் (1917), சேலத்துக்கு ரிச்சர்ட்ஸ் (1918). மூன்றாவது சுதந்திரத்துக்குப் பின் பி.எஸ். பாலிகா தொடங்கியவை: தஞ்சை 1957, மதுரை 1960, கோவை 1966. 1906 வரிசைப் புத்தகத்தைக் கையில் எடுத்ததும் முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள். கடைசி அத்தியாயத்துக்குப் போங்கள். அங்கேதான் தாலுகா வாரியாக ஊர்கள் வரிசையாக இருக்கும். உங்கள் ஊர் இல்லையென்றால் பத்து மைல் சுற்றளவில் உள்ள எல்லா ஊர்களையும் படியுங்கள். சந்தை, சாவடி, அணை, பாளையக்காரர் என்று பக்கத்து ஊர்க் கதையில் உங்கள் ஊர் வந்து போகும்.

பொருளடைவில் தேடும்போது ஆங்கிலேயர் காதில் விழுந்த ஒலியை நினைத்துக்கொள்ளுங்கள். வத்தலக்குண்டு ‘பட்லகுண்டு’ ஆகி ‘பி’ எழுத்தில் இருக்கும். சதுரங்கப்பட்டினம் ‘சத்ராஸ்’, பழவேற்காடு ‘புலிகாட்’, பரங்கிப்பேட்டை ‘போர்ட்டோநோவோ’. ‘திரு’ என்று தொடங்கும் ஊர்களுக்கு ‘டிரி’, ‘டின்’, ‘டிரு’ மூன்றையும் பாருங்கள். ழகரம் வரும் ஊர்களுக்கு ‘எல்’, ‘இசட்’ இரண்டும்.

ஒரு எச்சரிக்கையும் வேண்டும். 1870-களில் ஓர் அதிகாரி யாரோ சொல்லக் கேட்டு எழுதியதை அடுத்து வந்த கெஜட்டியர்க்காரர் அப்படியே எடுத்துக்கொண்டார். அதிலிருந்து 1960-களின் புத்தகம், அதிலிருந்து உள்ளூர்க் கும்பாபிஷேக மலர். நான்கு இடத்தில் இருப்பதால் நான்கு ஆதாரம் ஆகிவிடாது. அது ஒரே ஆதாரம், நான்கு முறை அச்சானது. அடிக்குறிப்பைப் பிடித்துக்கொண்டு பின்னோக்கிப் போய் முதலில் சொன்னவர் யார் என்று பாருங்கள்.

நூலகம் பொருள் வாரியாக எண் கொடுக்கும் டியூயி முறையில் அடுக்கியிருந்தால் தமிழக வரலாறு 954.82-ல் இருக்கும். ஆனால் உங்களுக்கு வேண்டியதில் பாதி அங்கே இருக்காது. தலபுராணம் சமயத்திலும் இலக்கியத்திலும், மக்கள்தொகை நூல்கள் புள்ளியியலிலும், பாசன அறிக்கை பொறியியலிலும் போய் உட்கார்ந்திருக்கும். மாவட்ட நூலகத்தில் இல்லாததற்குச் சென்னை எழும்பூர் கன்னிமாரா போக வேண்டும். 1896-ல் திறந்த நூலகம் அது; பழைய அரசு வெளியீடுகள் நிறைய உண்டு. பழைய நூல்களை அலமாரியில் நாமே துழாவ முடியாது, சீட்டு எழுதிக் கொடுத்து வரவழைக்க வேண்டும். எனவே ஆசிரியர், தலைப்பு, ஆண்டு மூன்றையும் எழுதிய பட்டியலோடு போங்கள். ‘கரூர் பற்றி ஏதாவது கொடுங்கள்’ என்று கேட்டால் பாதி நாள் போய்விடும்.

எங்கள் கோவில் தலவரலாற்றில் ஒரு கல்வெட்டைச் சொல்லி, அருகே ‘ஏ.ஆர்.இ.’ என்று போட்டு ஒரு எண்ணும் 1912 என்ற ஆண்டும் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கல்வெட்டின் முழு வாசகத்தை எங்கே படிப்பது?
வாசகி, கும்பகோணம்

ஏ.ஆர்.இ. என்பது மத்திய அரசின் கல்வெட்டுத் துறை ஆண்டுதோறும் வெளியிட்ட அறிக்கை. அங்கே முழு வாசகம் இருக்காது. எந்தக் கோவில், எந்தச் சுவர், எந்த அரசன், எத்தனையாவது ஆட்சியாண்டு, என்ன செய்தி என்று ஆங்கிலத்தில் சில வரிச் சுருக்கம் மட்டும்தான். பல தலவரலாறுகள் இந்தச் சுருக்கத்தைத் தமிழாக்கிவிட்டு ‘கல்வெட்டு கூறுகிறது’ என்று எழுதிவிடுகின்றன. கல்வெட்டு கூறியது வேறு, சுருக்கியவர் கூறியது வேறு.

1912 என்பது படியெடுத்த ஆண்டு. அது இடம்பெற்ற அறிக்கையின் அட்டையில் 1913 என்று இருக்கலாம். ஒரு தொகுதியில் கிடைக்கவில்லை என்றால் அடுத்ததையும் பாருங்கள். பிற்கால அறிக்கைகளில் எண்ணுக்கு முன் ‘ஏ’ என்றோ ‘பி’ என்றோ ஓர் எழுத்து வரும்: ஏ என்றால் செப்பேட்டுப் பட்டியல், பி என்றால் கல்வெட்டுப் பட்டியல். மேற்கோள் காட்டியவர் அந்த எழுத்தை விட்டிருந்தால் நீங்கள் தவறான பட்டியலில் தேடிக்கொண்டிருப்பீர்கள்.

முழு வாசகத்துக்குத் ‘தென்னிந்தியக் கல்வெட்டுகள்’ தொகுதிகள். முதல் தொகுதி 1890-ல் ஹூல்ஷ் பதிப்பித்தது. இரண்டாவது தஞ்சைப் பெரிய கோவில். நான்கு முதல் எட்டு வரை மொழிபெயர்ப்பு இல்லாமல் வாசகம் மட்டும் அடுக்கியவை. ஒவ்வொரு வாசகத்தின் தலையிலும் ஏ.ஆர்.இ. எண் இருக்கும், அதுதான் உங்கள் சாவி. படியெடுத்துப் பல பத்தாண்டு கழித்து அச்சேறியவை உண்டு, இன்னும் அச்சேறாதவையும் ஏராளம். ஆகையால் நேராகத் தொகுதிகளில் இறங்காமல், 1919-ல் வி. ரங்காசாரியா மூன்று தொகுதிகளாக வெளியிட்ட மாகாணக் கல்வெட்டு அட்டவணையில் தொடங்குங்கள். மாவட்டம், தாலுகா, ஊர் என்று அடுக்கியிருப்பார். கும்பகோணம் தாலுகாவைத் திறந்தால் அதுவரை தெரிந்த எல்லாம் ஒரே இடத்தில். அதற்குப் பிந்தையவற்றைச் சேர்த்து டி.வி. மகாலிங்கம் தொகுத்த அட்டவணை இருக்கிறது. மாநிலத் தொல்லியல் துறை மாவட்ட வாரியாகத் தமிழில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளையும், புதிய கண்டுபிடிப்புகளுக்குத் தஞ்சையிலிருந்து வரும் ‘ஆவணம்’ இதழையும் பார்க்காமல் விடாதீர்கள்.

ஆட்சியாண்டைக் கணக்கிடும்போது ஒன்றைக் கழிக்க மறக்கிறார்கள். முதலாம் இராசராசன் பட்டமேறியது 985. அவனுடைய 12-ஆம் ஆண்டு என்றால் 997 அல்ல, 996 அல்லது 997-ன் தொடக்கம். ஏனெனில் 985-தான் முதலாம் ஆண்டு. வெறும் ‘கோப்பரகேசரி’ என்றிருந்தால் எந்த அரசன் என்று நீங்களாக முடிவு செய்யாதீர்கள். அது சோழர் மாறி மாறிச் சூடிய பட்டம்.

வீட்டில் ஒரு பழைய தலபுராண உரைநடைப் புத்தகம் கிடைத்தது. ஆண்டு இருக்க வேண்டிய இடத்தில் ‘விகாரி௵ ஆனி௴’ என்று மட்டும் இருக்கிறது. எந்த ஆண்டு?
கல்லூரி மாணவர், மயிலாடுதுறை

௵ என்பது வருடக் குறி, ௴ மாதக் குறி. விகாரி அறுபதாண்டுச் சுற்றில் 33-ஆவது. கடைசியாக வந்தது 2019 சித்திரையில். அறுபது அறுபதாகப் பின்னால் போனால் 1959, 1899, 1839. இதில் எது என்பதற்குப் புத்தகத்தையே சாட்சிக்கு இழுக்க வேண்டும்.

முதலில் விலை. அணாவில் இருந்தால் பெரும்பாலும் 1959 அல்ல. 1957 ஏப்ரலில் நயா பைசா வந்துவிட்டது. அடுத்து முகப்பின் அடியில் அச்சுக்கூடத்தின் பெயர். அச்சிட்டவர் பெயரும் இடமும் போடுவதைச் சட்டம் கட்டாயமாக்கியிருந்தது. அந்த அச்சகம் எந்தக் காலத்தில் நடந்தது என்று விசாரித்தால் ஆண்டு குறுகும். இந்தியர்கள் தாராளமாக அச்சகம் நடத்த வழி பிறந்ததே 1835-ல்தான் என்பதால் 1839 எப்படியும் அரிது. முகப்பில் ‘௲௮௱௯௰௯’ போல ஏதாவது கண்ணில் பட்டால் அது அலங்காரமல்ல, 1899. ௲ ஆயிரம், ௱ நூறு, ௰ பத்து.

தை, மாசி, பங்குனி என்று மாதம் இருந்திருந்தால் ஆங்கில ஆண்டு ஒன்று கூடி 1900 ஆகியிருக்கும். ஆனி என்பதால் 1899 ஜூன் அல்லது ஜூலை. ஊகத்தை உறுதி செய்ய, 1867 முதல் பதிவான நூல்களைத் தொகுத்த ‘தமிழ்நூல் விவர அட்டவணை’ இருக்கிறது. பெரிய நூலகங்களின் குறிப்புதவிப் பகுதியில் கேளுங்கள்.

தலபுராணத்தை வரலாறாக எடுத்துக்கொள்ள முடியாது என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம். இந்திரன் வந்தது நமக்கு வேண்டாம். எந்தத் திசையில் எந்தக் குளம், வாய்க்காலின் பழைய பெயர், இப்போது இல்லாத சந்நிதி, பதிப்புக்குப் பணம் கொடுத்தவர் என்ன வியாபாரம் செய்தார் என்பதெல்லாம் சிறப்புப்பாயிரத்திலும் முன்னுரையிலும் கிடைக்கும். கதையைவிட அந்த நான்கு பக்கங்கள் மதிப்பு வாய்ந்தவை.

பாட்டனார் பெயரில் கோவில் மானிய நிலம் இருந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பதிவேடு நூலகத்தில் கிடைக்குமா?
வாசகர், திருவண்ணாமலை

நூலகத்தில் கிடைக்காது. நீங்கள் தேடுவது இனாம் பதிவேடு, வழக்கில் ‘இனாம் ஃபேர் ரிஜிஸ்டர்’. 1858-ல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்தது. இருக்குமிடம் எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். விண்ணப்பத்தில் இன்றைய மாவட்டத்தை எழுதினால் திரும்பி வந்துவிடும். அன்றைய வட ஆற்காடா, தென்னாற்காடா, எந்தத் தாலுகா என்று எழுத வேண்டும். பழைய பத்திரத்தில் ‘டி.டி. நம்பர்’ (இனாம் உரிமைப் பத்திர எண்) என்று இருந்தால் அதையும் குறிப்பிடுங்கள். வேலை பாதியாகக் குறையும்.

பழைய கணக்குகளில் வருவாய்த் துறையின் பசலி ஆண்டுதான் இருக்கும். 590-ஐக் கூட்டுங்கள். பசலி 1300 என்றால் 1890 ஜூலை முதல் 1891 ஜூன் வரை. அனுபோகத்தில் இருந்தவர் பெயருக்கு எதிரே இருக்கும் வயது, உறவுமுறை, ஊழியத்தின் பெயர் ஆகியவற்றை அப்படியே நகலெடுத்துக்கொள்ளுங்கள். வழக்குக்குப் பயன்படுமா என்பதை வழக்கறிஞரிடம் கேட்க வேண்டும். வரலாற்றுக்கு நிச்சயம் பயன்படும்.

நூறு ஆண்டுக்கு முன் எங்கள் ஊரில் யார் யார் குடியிருந்தார்கள் என்று மக்கள்தொகைக் கணக்கில் பார்க்கலாமா?
வாசகி, தருமபுரி

எத்தனை பேர் என்று பார்க்கலாம், யார் யார் என்று பார்க்க முடியாது. வீட்டு வாரியான படிவங்கள் சட்டப்படி ரகசியம். ஊர் வாரித் தொகைக்கு 1951 முதல் வந்த மாவட்ட மக்கள்தொகைக் கையேடுகளே கைக்கு எளியவை. தருமபுரி 1965 வரை சேலம் என்பதால் 1951, 1961 இரண்டுக்கும் சேலம் தொகுதியை எடுங்கள். 1961 கணக்கெடுப்பை ஒட்டிச் சில கிராமங்களைத் தேர்ந்து வீடு, கலப்பை, பாத்திரம் வரை எழுதிய கிராம ஆய்வு நூல்களும், திருவிழாக்கள் பற்றிய தொகுதியும் வந்தன. உங்கள் ஊர் அதில் இருந்தால் அதிர்ஷ்டம்.

எங்கள் கிளை நூலகத்தில் உள்ளூர் வரலாற்றுக்கு ஒரு பகுதி ஒதுக்க நினைக்கிறோம். ஒரே ஒரு பீரோதான் இடம். எதை வாங்குவது?
நூலக வாசகர் வட்டம், தேனி மாவட்டம்

வாங்குவதைவிடக் கேட்டு வாங்குவதுதான் அதிகம் இருக்கும். கெஜட்டியரை உங்கள் பீரோவில் வைக்காவிட்டாலும் மதுரையில் கிடைக்கும், இணையத்திலும் கிடைக்கும். உங்கள் ஊர்ப் பள்ளியின் வைரவிழா மலர் வேறு எங்கும் கிடைக்காது. முதலிடம் அதற்குத்தான்.

ஒரு கும்பாபிஷேக மலரை எடுத்துக்கொள்வோம். வாழ்த்துரைகளைத் தள்ளிவிட்டுப் பின்பக்கம் போங்கள். விளம்பரங்கள்: ரைஸ் மில், ஜவுளிக்கடை, பஸ் சர்வீஸ், ‘போன்: 47’ என்று இரண்டு இலக்க எண்கள். எந்தத் தெருவில் எந்தத் தொழில் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல வரைபடம் கிடையாது. அதற்கும் பின்னால் உபயதாரர் பட்டியல். ரங்கூன், பினாங்கு, கொழும்பு என்று முகவரி இருந்தால் ஊரிலிருந்து யார் எங்கே பிழைக்கப் போனார்கள் என்பது தெரிந்துவிடும். மலரைப் பைண்டிங் செய்யும்போது விளம்பரத் தாளைக் கிழித்துப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். அதை மட்டும் விடாதீர்கள்.

இதே கண்ணோடு பாருங்கள்: தேர்த் திருவிழா அழைப்பிதழ், நாடக நோட்டீஸ், கூட்டுறவுச் சங்க ஆண்டறிக்கை, பேரூராட்சி வரவுசெலவு, தேர்தல் துண்டறிக்கை, இரங்கல் மலர், கல்லூரி ஆண்டு மலர். ஒவ்வொரு காகிதத்திலும் கிடைத்த தேதியையும் கொடுத்தவரையும் பென்சிலால் பின்புறம் எழுதுங்கள். பால்பாயின்ட் பேனா எதிர்ப்பக்கம் பதியும், ஜெல் பேனா ஈரம் பட்டால் பரவும். குண்டூசி, ஸ்டேப்ளர் முள், ரப்பர் பேண்டு மூன்றையும் கழற்றிவிடுங்கள். முள் துருப்பிடித்துத் தாளை அரிக்கும், ரப்பர் உருகி ஒட்டும். செய்தித்தாள் நறுக்குகளில் பெரும்பாலோர் செய்யும் பிழை, பத்திரிகைப் பெயரும் தேதியும் இல்லாமல் வெட்டி ஒட்டுவது. பத்து ஆண்டு கழித்து அது செல்லாக்காசு.

புத்தக வரிசை எண்ணைவிட ஊர்ப்பெயர் அட்டைகள்தான் இங்கே உயிர். மலரின் 43-ஆம் பக்கத்தில் பக்கத்துக் கிராமத்துக் கண்மாய் பற்றி ஒரு பத்தி வந்தால், அந்தக் கிராமத்தின் அட்டையில் மலரின் பெயரும் பக்க எண்ணும் ஏற வேண்டும். இரண்டு பேர் வாரம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் ஒரு பீரோவை ஆறு மாதத்தில் முடிக்கலாம்.

இரவல் கிடையாது, அங்கேயே படிப்பதற்கு மட்டும் என்று முதல் நாளே எழுதி ஒட்டிவிடுங்கள். கரையானைவிடப் பெரிய ஆபத்து ஒன்று இருக்கிறது: இருப்புச் சரிபார்ப்பு. பத்து ஆண்டில் இரண்டு பேர் எடுத்த மெலிந்த, அட்டை கிழிந்த புத்தகம்தான் கழிவுப் பட்டியலில் முதலில் ஏறும். உள்ளூர் வரலாற்று நூல்கள் எல்லாமே அப்படித்தான் இருக்கும். ‘உள்ளூர்த் தொகுப்பு, கழிக்கக் கூடாது’ என்று ஒரு ரப்பர் ஸ்டாம்ப் செய்து உள்ளட்டையிலும் பதிவேட்டிலும் பதியுங்கள். புதிதாக மாற்றலாகி வரும் நூலகருக்கு உங்கள் பீரோவின் கதை தெரியாது, ஸ்டாம்ப்தான் சொல்லும்.

1936-ல் அச்சான மலர் ஒன்று எங்களிடம் உள்ளது. பக்கம் புரட்டினாலே ஓரம் நொறுங்குகிறது. லேமினேட் செய்துவிடலாமா?
வாசகர், காரைக்குடி

வேண்டவே வேண்டாம். சூட்டில் உருகி ஒட்டிய பிளாஸ்டிக்கைத் திரும்பப் பிரிக்க முடியாது. தாளை நொறுக்குவது அதற்குள்ளேயே இருக்கும் அமிலம். மரக்கூழில் மலிவாகச் செய்த காகிதம் அது. மேலே மூடிவிட்டால் அமிலம் உள்ளே இருந்தபடி தின்றுகொண்டிருக்கும். செலோடேப்பும் அப்படித்தான்: சில ஆண்டில் டேப் உதிர்ந்துவிடும், மஞ்சள் பசைக்கறை மட்டும் எழுத்தின் மேல் நிற்கும்.

முதல் வேலை படமெடுப்பது, பழுது பார்ப்பது அப்புறம். புத்தகத்தை முழுக்க விரித்து அழுத்தாதீர்கள். பாதி திறந்த நிலையில் இரண்டு பக்கமும் தடித்த புத்தகம் முட்டுக்கொடுத்து, ஒரு பக்கமாக எடுத்துக்கொண்டு போய், பிறகு மறுபக்கம். ஃபிளாஷ் இல்லாமல் ஜன்னல் வெளிச்சம் போதும். ஸ்கேனர் என்றால் எழுத்துக்கு 300 டிபிஐ, புகைப்படத்துக்கு 600. வாட்ஸ்அப்பில் அனுப்பியதை மூலப்படி என்று சேமிக்காதீர்கள், அது சுருக்கிவிடும். அட்டை, வெற்றுப் பக்கம், விளம்பரம் எல்லாம் வரிசை மாறாமல் வேண்டும். வெற்றுப் பக்கத்தை விட்டால் பிறகு பக்கம் காணாமல் போனதா, இல்லவே இல்லையா என்று யாருக்கும் தெரியாது.

பைண்டரிடம் கொடுப்பதாக இருந்தால் பசையில் மயில்துத்தம் போட வேண்டாம் என்று சொல்லிக் கொடுங்கள். பூச்சி வராமலிருக்கப் போடுகிறார்கள். ஆனால் அதிலுள்ள தாமிரம் பழைய தாளின் சிதைவைத் துரிதப்படுத்தும். கிழிசலுக்கு ஜப்பானிய மெல்லிய தாளும் சுத்தமான மாவுப் பசையும் உகந்தவை. நொறுங்கும் நிலைக்கு வந்துவிட்ட தாளை உள்ளூர் பைண்டர் ஓரம் வெட்டித் தைக்க விடாதீர்கள். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, படுக்கை வசமாக, வெளிச்சுவரை ஒட்டாத பீரோவில் வைத்தால் போதும். பச்சை வேப்பிலை போட்டு வைப்பதில் நன்மையைவிட ஈரம்தான் அதிகம்.

உயிருள்ள பூச்சி தெரிந்தால் பாலித்தீன் பையில் காற்றை வெளியேற்றி இறுக மூடி, −18 டிகிரிக்குப் போகும் டீப் ஃப்ரீசரில் இரண்டு வாரம். எடுத்ததும் பையைப் பிரிக்காதீர்கள். ஒரு நாள் வெளியே கிடந்து அறைச் சூட்டுக்கு வரட்டும். உடனே பிரித்தால் குளிர்ந்த தாளில் நீர் கோத்துக்கொள்ளும். புகைப்படங்களுக்கும் ஓலைச்சுவடிக்கும் இந்த வைத்தியம் கூடாது.

எல்லாம் இணையத்தில் வந்துவிட்டதே, நூலகம் எதற்கு?
வாசகர், சென்னை

எல்லாம் வரவில்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகமும் இன்டர்நெட் ஆர்க்கைவும் பெரிய உதவி, மறுக்கவில்லை. ஆனால் பழைய தமிழ் அச்சைக் கணினி படிக்கும்போது பிழை மலிகிறது. ஊர்ப் பெயரைத் தட்டித் தேடி ஒன்றும் வரவில்லை என்றால் அது புத்தகத்தில் இல்லை என்று பொருள் அல்ல. பிடிஎஃப் கோப்பைத் திறந்து கண்ணால் பாருங்கள். மடித்து வைத்த வரைபடங்களை விரிக்காமலே ஸ்கேன் செய்த கோப்புகள் ஏராளம். அதற்கு நூலகப் பிரதிதான் கதி.

நான் யாழ்ப்பாணத்தைச் சேர்ந்தவள், இப்போது இருப்பது வெளிநாடு. எங்கள் ஊர் பற்றிய பழைய மலர்களை எங்கே தேடுவது?
வாசகி

1981-ல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது சுமார் 97,000 நூல்களும் சுவடிகளும் போயின. உள்ளூர் வெளியீடுகளில் வேறெங்கும் பிரதி இல்லாதவையும் அவற்றில் இருந்தன. இன்று முதலில் பார்க்க வேண்டியது நூலகம் நிறுவனத்தின் எண்ணிம நூலகம். பாடசாலை மலர், கோயில் மலர், பழைய மாணவர் சங்க வெளியீடு எல்லாம் பக்கம் பக்கமாக இருக்கின்றன. ஊர்ப் பெயரோடு பாடசாலைப் பெயரையும் போட்டுத் தேடுங்கள். உங்கள் வீட்டுப் பெட்டியில் அங்கே இல்லாத மலர் இருந்தால் அவர்களுக்கு எழுதுங்கள்.

ஊர் வரலாற்றை எழுதி முடித்துவிட்டேன். 300 பிரதி அச்சிடப் போகிறேன். நூலகங்களில் சேர என்ன செய்ய வேண்டும்?
வாசகர், பொள்ளாச்சி

அச்சுக்கு அனுப்பும் முன் மூன்று விஷயம். முகப்பின் பின்பக்கத்தில் ஆண்டு, இடம், அச்சகம் தெளிவாக இருக்கட்டும். மேலே விகாரிக்காக மாணவர் படும் பாட்டைப் பார்த்தீர்கள் அல்லவா. முதுகில் தலைப்பு அச்சாகட்டும். முதுகில் பெயரில்லாத மெல்லிய புத்தகம் அலமாரியில் இருந்தும் இல்லாததுதான். கடைசியில் ஊர், ஆள், கோவில், குளம் பெயர்களுக்கு ஒரு பொருளடைவு சேருங்கள். எட்டுப் பக்கம் கூடும், புத்தகத்தின் ஆயுள் அதைவிடக் கூடும். ஐ.எஸ்.பி.என். எண்ணை மத்திய அரசின் முகமை இலவசமாகவே தருகிறது. தனிநபரும் விண்ணப்பிக்கலாம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்க வேண்டியதில்லை.

1954-ஆம் ஆண்டு நூல் வழங்கல் சட்டப்படி வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், சென்னை கன்னிமாரா, மும்பை, டெல்லி நூலகங்களுக்கு ஒவ்வொரு பிரதி உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாய் வரைதான், கூடப் புத்தகத்தின் விலை. அதனால்தான் பலர் அசட்டையாக விட்டுவிடுகிறார்கள். நீங்கள் அபராதத்துக்காக அனுப்ப வேண்டாம். உங்கள் வீட்டுப் பிரதிகள் தீர்ந்த பிறகும் கன்னிமாராவில் ஒன்று இருக்கும் என்பதற்காக அனுப்புங்கள். கோவை மாவட்ட மைய நூலகம், உங்கள் கிளை நூலகம், உள்ளூர்க் கல்லூரி, தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆகியவற்றுக்கும் ஒவ்வொன்று. அஞ்சலில் போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள். பதிவேட்டில் ஏறியதா, எண் என்ன என்று ஒரு மாதம் கழித்துக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். நன்கொடைப் புத்தகங்கள் கட்டுப் பிரிக்காமலே மூலையில் கிடப்பது எல்லா ஊரிலும் உண்டு.